ரப்பர் ஏழுமலையின் வலது தோள்

1. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு வரிசை

நான் வேலையில் சேர்ந்த அன்று என் அறைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. டிஸ்பென்சரியை ஒட்டி எனக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, சூடு வைப்பதற்கு ஒரு கரண்டு மெஷின். பிசியோதெரபி படித்து முடித்து, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டுடன் உட்கார்ந்திருந்த நான் மத்தியானம் வரை ஈ ஓட்டினேன். இத்தனை பேர் இரும்பு தூக்குகிற இடத்தில் ஒருவருக்கும் இடுப்பு வலிக்கவில்லையா என்று டிஸ்பென்சரி ஆயா சகாயத்திடம் கேட்டேன்.

"வலிக்காம இன்னாமா. எல்லாம் கேன்டீன் பின்னால நிக்குதுங்க. போய்ப் பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு வரிசை. முன்னால் ஒருவர் குப்புறப் படுத்திருக்க, அவர் முதுகில் ஒரு கால் பதமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலுக்குச் சொந்தக்காரர் கோதண்டம். மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டும் டர்னர், தொழிற்சாலைக் கபடி டீமுக்குக் கேப்டன். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோதண்டம் மிதிப்பதோடு நிற்கவில்லை. ஒரு பாட்டிலில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு கை, கால், தோள் எல்லாவற்றையும் உருவி, சொடுக்கெடுத்து அனுப்புவார்.

என்னைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு, "வா மா. நீதான் கரண்டு வெக்கிற அம்மாவா? உனுக்கு எங்கனா புடிச்சிகினு கீதா?" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் 'கரண்டு அம்மா' என்று பெயர் விழுந்தது. கோபத்தில் முகம் சிவக்கத் திரும்பினேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கையில் பழுது இல்லை. நாளெல்லாம் குனிந்து நின்று விறைத்துப்போன உடம்புகளுக்கு அந்த உருவலும் இழுப்பும் நிஜமாகவே சுகம் கொடுத்தது. எல்லா உடம்பும் விறைத்த உடம்பு என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு. அந்தத் தப்பினால்தான் ஏழுமலை என் அறைக்கு வந்தான்.

2. மணிக்கட்டைத் தொட்ட கட்டை விரல்

ஏழுமலை திருமுல்லைவாயில்காரன். அவன் அப்பா அண்டை கழனியில் கூலிக்கு நின்றவர். கழனிகள் பிளாட்டாகவும் ஷெட்டாகவும் மாறியபோது மகன் கம்பெனிக்கு வந்தான். டிரில்லிங் மெஷினில் ஹெல்பர், டெம்பரரி. அவனை எடுத்ததே கபடிக்காகத்தான். விளையாட்டுக்காரர்களை டெம்பரரியாக எடுத்து வைத்து, பொங்கல் சமயத்தில் நடக்கும் எஸ்டேட் கோப்பைக்குப் பிறகு யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்வார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

அவன் விளையாடுவதை நான் முதலில் பார்த்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. கபடி பாடிக்கொண்டு எதிரணிக்குள் போவான். எதிராளி அவன் மணிக்கட்டைப் பிடிப்பான். பிடித்ததும் ஏழுமலை அப்படியே உடம்பைச் சுற்றுவான். கை மட்டும் பிடித்தவனிடமே இருக்கும். தோள் யாருக்கும் போகாத திசையில் போகும். கடைசியில் பிடித்தவனின் மணிக்கட்டுதான் முறுக்கிக்கொண்டு விட்டுவிடும். விசில் காதைக் கிழிக்கும். 'ரப்பர்' என்பார்கள்.

ஐப்பசி மழையில் மைதானம் சேறாகி, ஷெட்டுக்குள் பயிற்சி நடந்த ஒரு சாயங்காலம், ரப்பரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது தோள் விலகித் தொங்கியது. அன்று நல்லவேளையாக டாக்டர் இருந்தார். அவர் தோளை உள்ளே தள்ளினார், நான் கட்டுப் போட்டேன். கோதண்டம் எண்ணெய் பாட்டிலோடு வாசலில் நின்று முணுமுணுத்தார்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ துணி. நான் தெனம் இழுத்து உட்டுகினுதான் கீறேன். கொஞ்சம் எசகு பெசகா நழுவும், தானா உள்ள பூந்துக்கும்."

தினம் இழுத்து விடுகிறேன் என்றதும் எனக்குப் பகீர் என்றது.

கட்டு அவிழ்த்த பிறகு ஏழுமலையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். கட்டை விரலை மடக்கச் சொன்னேன். அது மடங்கி முன்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. சுண்டு விரல் பின்பக்கம் செங்குத்தாக நின்றது. முழங்கையை நீட்டினால் நேராக நிற்காமல் அதற்கும் அப்பால் வளைந்தது. முழங்கால் முட்டியும் அப்படியே. காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தான்.

"பள்ளிக்கூடத்துல இத்த செஞ்சி காட்டி எல்லார்கிட்டயும் முறுக்கு வாங்கித் துன்னேன் மா" என்று பெருமையாகச் சொன்னான்.

"வலி?"

சிரிப்பு போய்விட்டது. "அது ராவும் பகலும் கீது மா. முட்டி வலிக்கும். கணுக்கால் பெரண்டுகினே கெடக்கும். மெஷின்ல நிக்க முடியல. சாஞ்சி நின்னா ஃபோர்மேன், சோம்பேறின்றாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நாருக்கு லிகமென்ட் என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே அது தளர்ச்சியாக இருக்கும். மூட்டு மற்றவர்களுக்குப் போகாத தூரம் போகும். மெஷின் ஷாப்பில் பேரிங் தளர்ந்து ஆடுவதைப் பிளே என்பார்களே, அதுதான் இது. விளையாட்டில் இதனால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நழுவ வேண்டிய இடத்தில் நழுவலாம், எட்டாததை எட்டலாம். ஆனால் மூட்டைக் காவல் காக்கிற வேலை முழுக்கத் தசையின் தலையில் விழும். தசை சளைத்தால் மூட்டு தன் இடத்தை விட்டுவிடும்.

இப்படிப்பட்ட உடம்பைத்தான் கோதண்டம் தினமும் எண்ணெய் போட்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் இழுத்தார். அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

3. ஃபிட்டா, அன்ஃபிட்டா

ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பேச்சையும் ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்ப்பவர்.

"இதப் பாருங்க. அந்தப் பையனுக்கு அடிக்கடி தோள் கழண்டுக்குதாம். விளையாடத்தான் எடுத்தோம். விளையாட முடியலன்னா வேற ஆள் பாக்கணும். டாக்டர் உங்களக் கேக்கச் சொல்றார். ஃபிட்டா, அன்ஃபிட்டா?"

"இன்னிக்கு அன்ஃபிட் சார். பொங்கலுக்கு ஃபிட்."

"அதெப்படிச் சொல்றீங்க?"

"அதுவரைக்கும் அவரை என்கிட்ட விடுங்க. வேற யாரும் அவர் தோள்ல கை வெக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொங்கல் ஆட்டத்துல மறுபடி கழண்டா, அவர் மட்டும் இல்ல, இந்த பிசியோ டிபார்ட்மென்ட்டும் எதுக்குன்னு மேல கேப்பாங்க. தெரியுமில்ல?"

டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்திதான். தெரியும் என்றேன்.

வெளியே வந்தால் ஏழுமலை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். காட்டுப்பாக்கத்தில் செல்வி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்கள் என்று அன்றுதான் சொன்னான்.

"அவங்க ஊட்ல தை மாசம் வரைக்கும் பாப்பாங்களாம் மா. அப்பால இல்லன்ட்டாங்க."

ஆக எல்லாமே தையில் வந்து நின்றது.

4. சைக்கிள் டியூப்

சிகிச்சை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து அதை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும், உள்பக்கம் இழுக்க வேண்டும், மெதுவாகத் திரும்ப விட வேண்டும். சுவரில் கை ஊன்றித் தள்ள வேண்டும். முழங்கையைப் பூட்டக் கூடாது, கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அப்புறம் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். இழுத்து நீட்டுகிற பயிற்சி எதுவும் கிடையாது. எண்ணெய் கிடையாது. சொடுக்கு கிடையாது.

அவனுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொல்வேன். திறந்து பார்த்தால் கை எங்கோ இருக்கும். மூட்டு எங்கே நிற்கிறது என்பது அவன் உடம்புக்கே சரியாகத் தெரியவில்லை. கடைசி எல்லையில் போய் இடித்தால்தான் தெரியும். நிற்பதும் அப்படித்தான். முட்டியைப் பின்னால் தள்ளி நாரில் தொங்கிக்கொண்டு நின்றான். கண்ணாடி முன்னால் நிறுத்தி, முட்டியை ஒரு துளி தளர்த்தி, தொடையில் நிற்கப் பழக்கினேன். பிறகு அதே நிற்பை மெஷினில் நிற்கச் சொன்னேன். கார்த்திகை முடிவதற்குள் ஃபோர்மேன் தானே வந்து, "அவன் இப்ப சாய்றதில்லமா, இன்னா மருந்து குட்த்த?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு வயிறு நிறைந்தது.

கோதண்டத்தோடுதான் சண்டை. ஒரு நாள் அறைக்குள் வந்து டியூப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, கொயந்தப் புள்ள வெளாட்டா இது? நல்லா வளையிற ஒடம்ப மரக்கட்டயா ஆக்கினு கீற. அவன் கையில இருக்கற சரக்கே அந்த சுத்துதான். அத்தயும் புடுங்கிட்டா, அவன வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

"சரக்கு அங்க இல்லீங்க. இடுப்புலயும் கால்லயும் இருக்கு. தோளைக் குடுத்துத் தப்பிக்கிறதுதான் அவருக்கு எமன்."

"எனுக்கு எத்தினி வருசமா ஆட்டம் தெரியும், தெரியுமா?"

"ஆட்டம் உங்களுக்குத் தெரியும். இல்லன்னு யார் சொன்னா? இங்க வாங்க, உங்க கட்டை விரலை மடக்குங்க."

மடக்கினார். பாதி தூரத்தில் இரும்பு மாதிரி நின்றது. பக்கத்தில் ஏழுமலை தன் விரலை மடக்கி முன்கையில் படுக்க வைத்தான். கோதண்டம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க உடம்பு இழுக்க இழுக்கச் சுகப்படும். இவர் உடம்பு ஏற்கெனவே எல்லையத் தாண்டி நிக்குது. இன்னும் எங்க இழுக்கறது?"

கோதண்டம் ஒப்புக்கொள்ளவில்லை. "பொங்கலுக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஏழுமலையின் தோளில் அவர் எண்ணெய் வைக்கவில்லை. மார்கழியில் அவனைப் பயிற்சிக்கு விட்டபோது, சொன்னதை மீறிக் கையைச் சுற்றுகிறானா என்று என்னைவிட அதிகமாகக் கவனித்ததும் அவர்தான். சுற்றினால் தலையில் ஒரு குட்டு வைப்பார்.

ஆனால் பழகின உடம்பு பழக்கத்தை விடுமா? யாராவது மணிக்கட்டைத் தொட்டால் போதும், தோள் சுற்றக் கிளம்பிவிடும். பயிற்சியில் இரண்டு தடவை பாதி நழுவி உள்ளே போனது. அந்த நாட்களில் என் சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

5. கடைசிப் பாட்டு

எஸ்டேட் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரணி ஆவடிப் பக்கத்து ஆட்கள், ஒவ்வொருவரும் தூண் மாதிரி. மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். பெர்சனல் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காட்டுப்பாக்கத்திலிருந்து செல்வியின் அப்பாவும் வந்து, மாப்பிள்ளையை எடை போடுகிற மாதிரி கைகட்டி நின்றார். பெண்கள் பக்கத்தில் நானும் சகாயமும்.

ஏழுமலை முதல் பாதியில் நன்றாகவே ஆடினான். இடுப்பை ஒடித்து, காலை வீசி, தொட்டுவிட்டு வந்தான். கையைக் கொடுக்கவேயில்லை. கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. "சுத்திக் காட்டுடா ரப்பரு" என்று கத்தினார்கள். அந்தச் சுற்றைப் பார்ப்பதற்குத்தானே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசிப் பாட்டுக்குப் போக வேண்டியது யார் என்று கோதண்டம் ஒரு நொடி தயங்கினார். பிறகு ஏழுமலையைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் பக்கத்தில் வந்ததும் காதருகே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. "கைய குடுத்திராத நைனா. காலு கீது உனுக்கு."

ஏழுமலை பாடிக்கொண்டு உள்ளே போனான். மூலையில் நின்றவனைக் காலால் தொட்டுத் திரும்பினான். திரும்பும்போது அவர்களில் மிகப் பெரிய ஆள் பாய்ந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வேண்டுமென்றே வலது கைக்குத்தான் வந்தார்கள். இன்னொருவன் இடுப்பைக் கட்டினான்.

"சுத்துடா" என்று மைதானம் முழுக்க ஒரே குரல்.

அவன் தோள் கிளம்பியதை நான் பார்த்தேன். சகாயத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கணம் அது நின்றது. சுற்றவில்லை. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டினான், ஜன்னல் கம்பியில் டியூப்பை இழுத்த அதே மாதிரி. மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் அதோடு சேர்ந்து உள்ளே வந்தான். முட்டியை லேசாக மடக்கி, தொடையில் நின்று, ஏழுமலை இரண்டு பேரையும் இழுக்க ஆரம்பித்தான். பாட்டு நிற்கவில்லை. குரல் மட்டும் கம்மியது. ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவதாக ஒருவன் வந்து காலைப் பிடித்ததும் நகர முடியாமல் நின்றுவிட்டான்.

நடுக்கோடு இன்னும் எட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடிந்திருக்கும். அப்போது ஏழுமலை இருந்த இடத்திலேயே இடுப்பில் குனிந்தான். அப்படியே மடிந்து, இடது கையை நீட்டினான். நீண்டது, இன்னும் நீண்டது. பின்பக்கம் வளைகிற அந்த நீள விரல்கள் மண்ணில் தட்டையாகப் படர்ந்து கோட்டைத் தொட்டன. வாயில் பாட்டு இருந்தது.

விசில் ஊதியது நடுவரா கூட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்த மூவரும் அவுட், முதலில் அவன் காலால் தொட்ட மூலை ஆளும் அவுட். கோப்பை எங்களுக்கு. வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறோம் என்பதையே மறந்து நான் சகாயத்தைத் தூக்கிச் சுற்றினேன். என் இடுப்பு அடுத்த வாரம் முழுக்க வலித்தது. அது பரவாயில்லை.

ஏழுமலை எழுந்ததும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக என் பக்கம் வந்து வலது கையை மேலே தூக்கிக் காட்டினான்.

"கீது மா. அதே எடத்துல கீது."

பின்னால் பெர்சனல் ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டினார். என்னைப் பார்த்து, "ஃபிட்" என்றார். வழக்கம்போல ஒரே வார்த்தை. செல்வியின் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "நம்ம மாப்ள" என்று சொன்னதைச் சகாயம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

6. கோதண்டத்தின் புது வழக்கம்

தை முடிவதற்குள் ஏழுமலை நிரந்தரமானான். கல்யாணச் சாப்பாட்டில் கோதண்டம் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். வெற்றியைப் பற்றி இருவரும் பேசவில்லை. பாயசம் பரிமாறும்போது மட்டும், "அந்த டியூப்பு இன்னும் ஒண்ணு ரெண்டு இருந்தா நம்ம டீம் ரூமுக்கும் குடு மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரியும். மறுநாளே கொடுத்தேன்.

ஏழுமலை அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆடினான். தோள் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். நார் பிறவியில் வந்தது, அது மாறாது. பயிற்சியை விட்டால் வலி வரும். வந்தால் என் அறைக்கு வந்து, சொல்லாமலே ஜன்னல் கம்பியில் டியூப்பைக் கட்டிக்கொள்வான். ஆனால் மைதானத்தில் அது மறுபடி விலகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். நன்றாக வளைகிற உடம்பைப் பார்த்தால் உடனே மயங்கிவிடாதீர்கள், பயப்படவும் வேண்டாம். அந்த ஆளை விளையாட்டை விட்டு நிறுத்துவது சுலபம். இன்னும் வளைத்துக் கைதட்டல் வாங்குவதும் சுலபம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவன் தசைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை. அதற்குமுன் ஒவ்வொரு உடம்பையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சிகிச்சை என்பது கரண்டு மெஷினுக்கும் பொருந்தாது, விளக்கெண்ணெய்க்கும் பொருந்தாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், டீமுக்குப் புது ஆட்கள் எடுக்கும் நாள், கேன்டீன் பின்னால் வழக்கம்போல ஒரு வரிசை. எண்ணெய் பாட்டில் திறந்திருந்தது. கோதண்டம் முதல் ஆளின் தோளில் கை வைக்கப்போய் நிறுத்தினார்.

"முதல்ல கட்ட வெரல மடக்கிக் காட்டு."

காட்டினான், பாதியில் நின்றது. "படு" என்றார். அடுத்தவனுக்கும் அப்படியே. மூன்றாவது ஆள் மடக்கினான். விரல் முன்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. கோதண்டம் பாட்டிலை மூடினார். என் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கரண்டு அம்மா, உன் ஆளு ஒருத்தன் வந்துகீறான். டியூப்ப கட்டு."